நார்ப் பலகையும் எதிரொலியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையில் குரல் பதிவு செய்கிறேன். எதிரொலி அதிகம். தென்னை நார்ப் பலகையைச் சுவரில் ஒட்டினால் போதுமா? எவ்வளவு தேவைப்படும்?

பலகை சரிதான், சுவரோடு ஒட்டுவதுதான் தவறு. ஒலி நாரிடுக்குகளில் புகுந்து, அங்குள்ள காற்று உரசி வெப்பமாவதால்தான் அடங்குகிறது. சுவரை ஒட்டினாற்போல் காற்று அசையாது. அங்கே நார் இருந்தும் வேலை செய்யாது. அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் அசைவு உச்சம்: 1000 ஹெர்ட்ஸுக்கு சுமார் 8.5 செ.மீ., 500 ஹெர்ட்ஸுக்கு 17 செ.மீ. மெல்லிய பலகையை நேரே ஒட்டினால் ‘ஸ், ஷ்’ ஒலிகள் மட்டும் அடங்கி, கீழ்க்குரல் குமுறலாகவே நிற்கும். 50 மி.மீ. ரீப்பர் (மரச்சட்டம்) அடித்து, அதன்மேல் 50 மி.மீ. பலகை பொருத்துங்கள்.

அளவுக்குக் கணக்கு உண்டு. எதிரொலி நேரம், அதாவது ஒலி நின்றபின் அதன் முழக்கம் அடங்க ஆகும் நேரம் (நொடியில்) = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். ஒவ்வொரு பரப்பையும் அது உறிஞ்சும் ஒலியின் பங்கால் பெருக்கிக் கூட்டினால் மொத்த உறிஞ்சல். உங்கள் அறை 36 கன மீட்டர். பரப்பு 66 சதுர மீட்டர். வெறும் சுவர், தரை, கூரைக்கு இந்தப் பங்கு சராசரி 0.05 என்று கொண்டால் உறிஞ்சல் 3.3, நேரம் ஏறத்தாழ 1.8 நொடி. 0.7 பங்கு உறிஞ்சும் பலகை 10 சதுர மீட்டர் வைத்தால், அது மறைக்கும் சுவரின் 0.5 போக, உறிஞ்சல் 9.8 ஆகி, நேரம் 0.6 நொடிக்கு இறங்கும். மொத்தத்தையும் ஒரே சுவரில் வைத்துவிடாதீர்கள். அடுத்தடுத்த இரு சுவர்களிலும் கூரையிலும் பிரித்து வைத்தால், எதிரெதிர்ப் பரப்புகளுக்கிடையே ஒலி மோதித் திரும்புவது எல்லாத் திசையிலும் குறையும்.

கேள்வி: பலகைக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

கூடாது. துளை அடைந்தால் ஒலி திரும்பிவிடும். மெல்லிய துணி போர்த்துங்கள். வாயை வைத்து ஊதினால் காற்று தடையின்றிப் போக வேண்டும். பலகை வாங்கும்போதும் இப்படி ஊதிப் பாருங்கள். நாரைப் பிணைக்கும் ரப்பர் பால் அதிகமான பலகையும், இறுக அழுத்திய பலகையும் காற்றை விடாது.

கேள்வி: பக்கத்து வீட்டுச் சத்தம் நிற்குமா?

நிற்காது. அதற்குக் கனமான சுவரும் கதவிடுக்கு அடைப்பும் வேண்டும்.

கேள்வி: பூஞ்சை, தீ?

போரிக் அமிலம், போராக்ஸ் கரைசலில் பதப்படுத்திய நாரில் இரண்டும் குறையும். ஆனாலும் எரியாத பொருளாகிவிடாது. சூடாகும் விளக்கு, சுவிட்ச் பெட்டி அருகே வைக்காதீர்கள். ஓதம் ஏறும் சுவரானால் முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள்.