மந்தையோடு நடந்தவர்கள்: கேள்வி-பதில்

19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் கௌபாய்கள் டெக்சாஸ் மாடுகளைக் கான்சாஸுக்கு ஓட்டிப்போன சிஷோம் தடத்தில் முதலில் மாடு ஓட்டியவர் சிஷோம்தானே?

இல்லை. ஜெஸ்ஸி சிஷோம் பாதி செரோக்கி வம்சத்து வியாபாரி. அவருடைய சரக்கு வண்டிகள் போன பாதை அது. டெக்சாஸ் மந்தை எதையும் அவர் அதில் ஓட்டவில்லை. மாட்டுப் பண்ணைக்காரர் ஜான் சிஸம் வேறு ஆள். கடிதம் எழுதும் முன் எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

3,000 மாடுகளுக்கு எத்தனை ஆட்கள்?

பத்துப் பன்னிரண்டு பேர். தலைவன், சமையல்காரர், குதிரைகளைப் பார்க்கும் பையன் எல்லாரும் அதற்குள் அடக்கம். மாதச் சம்பளம் 30, 40 டாலர். தலைவனுக்கு 100 வரை.

கௌபாய்கள் மாடுகளை விரட்டிக்கொண்டு எவ்வளவு வேகத்தில் போவார்கள்?

இந்த மாதமும் நாலு பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். விரட்டவில்லை ஐயா, விரட்டவே இல்லை! படத்தில் புழுதி பறக்க ஓடுகிறதே, அப்படி ஒரு நாள் ஓட்டினால் முதலாளி மறுநாளே சீட்டைக் கிழித்துவிடுவார். டெக்சாஸில் மூன்று நாலு டாலருக்குக் கிடைத்த மாடு, கான்சாஸில் ரயில் ஏறும் இடத்தில் முப்பது நாற்பதுக்குப் போனது. அந்த லாபம் மாட்டின் உடம்பில்தான் இருக்கிறது. ஓடினால் எடை போச்சு. அதனால் காலையில் மேயவிட்டு, மெல்ல நகர்த்தி, மதியம் தண்ணீர் காட்டி, மறுபடி மேயவிட்டு, ஒரு நாளைக்கு 15 முதல் 25 கி.மீ. கான்சாஸில் ரயில் ஏறும் ஊரான அபிலீன் போய்ச் சேர இரண்டு மூன்று மாதம். நல்ல தலைவன் கையில் மாடு வழியில் கொழுத்ததும் உண்டு. முன்னால் இருவர் திசை காட்ட, பக்கங்களில் சிலர் அணைத்துக்கொண்டு வர, கடைசியில் புதுப் பையன்கள் கழுத்துத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு புழுதி தின்பார்கள். படத்துப் புழுதியில் உண்மை அவ்வளவுதான். மந்தை ஓடியது மிரண்டபோது மட்டும். இடி, மின்னல், ஏன், ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் போதும். இதில் துப்பாக்கியை வேறு வெடிப்பார்களா? சொல்லுங்கள்.

ராத்திரியில் பாட்டுப் பாடியது உண்மையா?

உண்மை. இரண்டிரண்டு பேராக, ஆளுக்கு இரண்டு மணி நேரக் காவல். மந்தையைச் சுற்றி எதிரெதிராக வருவார்கள். பழகிய குரல் கேட்டுக்கொண்டிருந்தால் மாடு திடுக்கிடாது. குரல் இனிமையாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

கௌபாய்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள்தானே?

மறுபடியும் சினிமா. கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும் கணிசமாக இருந்தார்கள். டெக்சாஸ் பண்ணைக்காரர் சார்லஸ் குட்நைட் மிகவும் நம்பியவர்களில் ஒருவர், அடிமையாகப் பிறந்த போஸ் ஐகார்டு. லாசோ (சுருக்குக் கயிறு), ரோடியோ (கௌபாய் வித்தைப் போட்டி) என்ற சொற்களே ஸ்பானிஷ். தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்கள் மெக்சிகோவின் குதிரையேறி மாடு மேய்ப்பவர்களான வக்கேரோக்கள்.

முள்வேலி வழியை அடைத்ததால்தானே மாடு ஓட்டுவதே நின்றது?

பாதி சரி. ஜோசப் கிளிடன் என்ற அமெரிக்கர் முள்வேலிக்குக் காப்புரிமை வாங்கியது 1874. ரயிலும் டெக்சாஸுக்குள் வந்துவிட்டதால் நடத்திப்போகும் தேவை குறைந்தது. ஆனால் உண்ணியை மறந்துவிடுகிறீர்கள். டெக்சாஸின் நீளக்கொம்பு லாங்ஹார்ன் மாடு பார்க்கத் திடமாக இருக்கும், அது நடந்து போன இடத்தில் கான்சாஸ் விவசாயியின் பசு காய்ச்சலில் சாகும். காரணம் உண்ணி என்று 1893-ல்தான் நிரூபித்தார்கள். அதற்கெல்லாம் காத்திருக்காமல் விவசாயிகள் துப்பாக்கியோடு வழிமறித்தார்கள். 1885-ல் கான்சாஸ் டெக்சாஸ் மாடுகளுக்கு ஏறக்குறைய முழுத்தடையே போட்டுவிட்டது.

ஒவ்வொருவருக்கும் சொந்தக் குதிரையா?

ஆளுக்கு ஆறு முதல் பத்துக் குதிரை, மாற்றி மாற்றி ஏற. பெரும்பாலும் முதலாளியுடையவை. சேணம் மட்டும் கௌபாயுடையது.