கெர்னல் ஹெடர்களும் பயனர் நிரல்களும்: கேள்வி பதில்

கேள்வி: புதிய லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்துவிட்டேன். யுஎஸ்ஆர் இன்க்ளூடில் உள்ள லினக்ஸ் அடைவை நீக்கிவிட்டு, மூலநிரல் அடைவுக்கு ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பழைய வழிகாட்டிகளில் அப்படி எழுதியிருக்கும். அந்த அடைவில் இருப்பவை ஹெடர்கள், அதாவது நிரல்கள் பயன்படுத்தும் வகைகளையும் பெயர்களையும் அறிவிக்கும் கோப்புகள். அங்கே இருக்க வேண்டியவை உங்கள் சி நூலகம் எந்த ஹெடர்களைக் கொண்டு கம்பைல் செய்யப்பட்டதோ அவைதாம். இப்போது ஓடும் கெர்னலின் ஹெடர்கள் அல்ல. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2000ஆம் ஆண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார். கெர்னலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுங்கள். அந்த அடைவைத் தொடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் பயனர் நிரல்களுக்கான ஹெடர்கள் எங்கிருந்து வருகின்றன?

பதில்: கெர்னலின் ஹெடர்ஸ் இன்ஸ்டால் கட்டளையிலிருந்து. 2006இல் வந்த 2.6.18 பதிப்பில் இது சேர்ந்தது. அதற்கு முன் ஒரே கோப்பில் கெர்னலுக்கும் பயனர் நிரல்களுக்கும் உரியவை கலந்து கிடந்தன; கெர்னலுக்கு மட்டும் உரியதை ஒரு மேக்ரோ (கம்பைல் செய்யும்போது ஒரு பகுதியைச் சேர்க்கவோ விடவோ வைக்கும் பெயர்) மறைத்து வைத்தது. எவராவது ஒரு வரியை அந்த மறைப்புக்கு வெளியே எழுதிவிட்டால், உள்வேலை உலகறியும். 2012இல் 3.7 பதிப்பில் கெர்னல் நிரலாளர் டேவிட் ஹவெல்ஸ் செய்த பிரிப்புக்குப் பின், வெளியே தரவேண்டியவை யுஏபிஐ என்னும் தனி அடைவுக்குப் போயின. அங்குள்ள ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்: கெர்னலுக்குள் யு32 (குறியற்ற 32 பிட் முழு எண்) என்று எழுதப்படும் வகை, அங்கே முன்னால் இரண்டு அடிக்கோடுகளுடன் நிற்கும். அத்தகைய பெயர்களை சி மொழித் தரம் கம்பைலருக்கும் நூலகத்துக்கும் ஒதுக்கிவைத்திருப்பதால், உங்கள் நிரலில் நீங்களே யு32 என்று ஒன்றை வரையறுத்தாலும் மோதல் வராது.

கேள்வி: டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் லினக்ஸ் ஹெடர்ஸ் தொகுப்பை நிறுவியும் என் நிரல் அதைக் கண்டுகொள்ளவில்லையே?

பதில்: அது மாட்யூல் (கெர்னலுக்குள் ஏற்றப்படும் துணைப்பகுதி) கட்டுவோருக்கானது. உங்களுக்கு வேண்டியது லினக்ஸ் லிப்சி டெவ். ஃபெடோரா என்னும் இன்னொரு வெளியீட்டில் கெர்னல் ஹெடர்ஸ் என்பது பயனர் நிரல்களுக்கு, கெர்னல் டெவெல் மாட்யூல்களுக்கு. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: கெர்னலின் அட்டாமிக் ஹெடரை (இடையே வேறெதுவும் குறுக்கிடாமல் எண்ணைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது) என் நிரலில் பல காலம் பயன்படுத்தினேன், ஒழுங்காகவே ஓடியது. இந்தப் பிரிவினை வீண் கெடுபிடி. ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தில் கெர்னலும் பயனர் நிரல்களும் ஒரே மூலநிரல் தொகுப்பில்தானே இருக்கின்றன?

பதில்: முதலில் அட்டாமிக். எக்ஸ்86 கணினியில், பல செயலிகளுக்கான அமைவை அணைத்துக் கம்பைல் செய்தால் அந்த ஹெடர் லாக் முன்னொட்டை (மற்ற கோர்கள் குறுக்கிடாமல் தடுப்பது) விட்டுவிடும். அப்படிக் கட்டிய நிரல் பல கோர்களில் ஓடும்போது எண்ணிக்கை எப்போதாவது தவறும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஓடியது என்பது சரியாக ஓடியதற்குச் சான்றாகாது. சி11 தரத்திலேயே அட்டாமிக் ஹெடர் இருக்கிறது.

கேள்வி (அதே நண்பர்): ஃப்ரீபிஎஸ்டிக்குப் பதில் வரவில்லை.

பதில்: ஒரே தொகுப்பில் வைப்பது வேறு, ஒரே இடைமுகமாக வைப்பது வேறு. அங்கும் கெர்னலுக்குரிய பகுதிகளை ஒரு மேக்ரோ மறைக்கிறது. ஒரு காலத்தில், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளைக்குப் போன தகவலுக்குள் கெர்னலின் ப்ராக் ஸ்ட்ரக்சர் (ஓடும் நிரலைப் பற்றிய உள்விவரத் தொகுப்பு) அப்படியே பொதிந்திருந்தது. கெர்னலில் ஓர் உறுப்பைச் சேர்த்ததும், அளவு பொருந்தவில்லை என்று பிஎஸ் படுத்துவிடும். பின்னர் பிஎஸ்ஸுக்குப் போகும் கின்ஃபோ ப்ராக் ஸ்ட்ரக்சரைத் தனியாக வரையறுத்து, அதன் அளவைச் சொல்லும் ஓர் உறுப்பையும் வருங்காலத்துக்கான காலியிடங்களையும் அதற்குள் வைத்தார்கள். நீங்கள் வீண் என்று சொல்லும் அதே பிரிவினையை அவர்கள் அடிபட்டுக் கற்றார்கள்.

கேள்வி: செயலி வகைக்குரிய ஹெடர்கள் உள்ள ஏஎஸ்எம் அடைவுக்கு மட்டும் சிம்லிங்க் கொடுத்தால்?

பதில்: முதல் பதிலே இதற்கும் பதில்.

கேள்வி: நினைவகத்தின் பக்க அளவு 4096 பைட் என்பதற்கு எந்த ஹெடர்?

பதில்: எதுவும் வேண்டாம், சிஸ்கான்ஃப் என்னும் நூலகச் செயல்கூறு மூலம் ஓடும்போது கேளுங்கள். ஏஆர்எம்64 செயலிகளில் 4, 16, 64 கிலோபைட் மூன்றுக்கும் இடமுண்டு.

கேள்வி: புதிய ஹெடரில் கம்பைல் செய்ததைப் பழைய கெர்னலில் ஓட்டலாமா? சிம்லிங்க் இல்லாமல்தான் கேட்கிறேன்.

பதில்: ஓட்டலாம். அந்தக் கெர்னல் அறியாத சிஸ்டம் காலுக்கு (நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை) ஈநோசிஸ் பிழை, அதாவது அப்படி ஒன்று இல்லை என்ற பதில், திரும்பும். அதைச் சோதித்து மாற்று வழியை எழுதிவையுங்கள். ஹெடரில் பெயர் இருப்பதாலேயே கெர்னலில் வசதியும் இருப்பதாகக் கருத வேண்டாம்.