'விண்டோ' என்ற ஆங்கிலச் சொல் எப்படிப் பிறந்தது? 'விண்ட்', 'டோர்' இரண்டும் சேர்ந்ததா?

முதல் பாதி சரி, காற்றேதான். இரண்டாம் பாதி கதவு அல்ல, கண்.

ஸ்காண்டிநேவியாவில் வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'விண்ட்ர்' என்றால் காற்று, 'அவுகா' என்றால் கண். சேர்த்தால் 'விண்டவுகா', காற்றுக்கண். கண்ணாடி அரிதாக இருந்த காலத்தில் புகை போகவும் வெளிச்சம் வரவும் கூரையிலோ சுவரிலோ விட்ட வெறும் ஓட்டை அது. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் பேச்சோடு ஆங்கிலத்துக்குள் வந்தது. 13ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் கிடைக்கிறது.

'அவுகா' எப்படி வெறும் 'ஓ' ஆனது? இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே மாட்டிய 'க' தேய்ந்து 'வ' போல ஒலித்து, பிறகு அதுவும் கரைந்தது. வில்லைக் குறித்த 'போகா' இன்று 'போ' ஆகியிருப்பதும் இப்படித்தான். ஆங்கிலத்தின் சொந்தக் கண் வேறு வழியில் போனது. அங்கே 'க' தேய்ந்து 'ய' ஆகி, கடைசியில் 'ஐ' என்று நின்றது. ஆக 'ஐ'யும் 'விண்டோ'வின் வால் 'ஓ'வும் ஒரே வேரில் பிறந்தவை. 'டெய்சி' பூவின் கடைசி அசையும் அதே கண்தான்; பழைய பெயர் 'பகலின் கண்'.

நார்ஸ் சொல் வருமுன் ஆங்கிலேயர் சன்னலைக் 'கண்துளை' என்றார்கள். அதில் துளையைக் குறித்த 'திரெல்' இன்று 'நாஸ்ட்ரில்' சொல்லின் பின்பாதியாக, மூக்குத்துளையாகப் பிழைத்திருக்கிறது. லத்தீன் வழி வந்த 'ஃபெனெஸ்டர்' என்ற சொல்லும் சில நூற்றாண்டுகள் ஆங்கிலத்தில் புழங்கி வழக்கொழிந்தது. ஜெர்மானியர் இன்றும் 'ஃபென்ஸ்டர்' என்கிறார்கள்.

கதவுக் குழப்பம் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே 'விண்டோர்' என்று எழுதியிருக்கிறார்கள். இன்றைய எழுத்துக்கூட்டலை வைத்துச் சொல்லைப் பிரித்தால் இப்படித்தான் வழுக்கும். கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தைப் பாருங்கள், பிறகு உறவு மொழியைப் பாருங்கள். நார்வே மொழியில் சன்னல் 'வின்டு'. கதவின் 'ர்' அங்கே எங்குமில்லை.

தமிழிலும் இதே கற்பனை தனியாக ஓடியிருக்கிறது. சிலப்பதிகாரம் 'மான்கண் காலதர் மாளிகை' என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. துளைகளோ மானின் கண் வடிவில். காற்று, கண் இரண்டும் ஒரே தொடரில்! ஆனால் நாம் இன்று சொல்லும் 'சன்னல்' போர்ச்சுக்கீசிய 'ஜனேலா'. அதன் வேர் லத்தீனில் கதவைக் குறிக்கும் 'யானுவா'. நீங்கள் தேடிய கதவு ஆங்கிலத்தில் இல்லை, நம் சன்னலுக்குள் இருக்கிறது.