கூடுதல் பென்ஷனை நிராகரித்துவிட்டார்களா? பாஸ்புக்கில் 541-க்குப் பக்கத்தில் பாருங்கள்

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் 1996இல் சேர்ந்து, 2018இல் 58 வயதில் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடித்தார்கள். முழுச் சம்பளத்தைக் கணக்கிட்டுத் தரும் கூடுதல் பென்ஷனுக்கு 2023 ஜூனில் விண்ணப்பித்தேன். ‘வரம்புக்கு மேல் பி.எஃப். கட்ட 26(6) அனுமதி இல்லை’ என்று நிராகரித்துவிட்டார்கள். இனி வழி உண்டா?
- வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: உண்டு. மனம் தளராதீர்கள். 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, 1-9-2014 அன்று வேலையில் இருந்தவர்களுக்குத்தான் கூடுதல் பென்ஷன் கேட்க மறுவாய்ப்பு. அதற்கு முன்பே விருப்பம் தெரிவிக்காமல் ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடையாது. நீங்கள் 2018 வரை இருந்தீர்கள். கடைசி நாளான 2023 ஜூலை 11க்குள் விண்ணப்பமும் போட்டுவிட்டீர்கள். சரி, இப்போது பாஸ்புக்கையும் பழைய ஆண்டுச் சீட்டுகளையும் எடுங்கள்.

2001 ஜூன் முதல் 2014 ஆகஸ்ட் வரை பி.எஃப். கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய். அதில் 8.33 சதவீதமான 541 ரூபாய்தான் நிறுவனம் கட்டும் பணத்திலிருந்து மாதாமாதம் பென்ஷனுக்குப் போனது. அதன் பிறகு வரம்பு 15,000 ஆனதால் 1,250. இந்தத் தொகைகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பெரும்பாலோருக்கு அப்படித்தான். பார்க்க வேண்டியது பக்கத்தில் உள்ள நிறுவனப் பங்கு. 541 போன காலத்தில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,000 என்றால் உங்கள் பங்கு 2,400, நிறுவனப் பங்கு 541 போக 1,859 என்று இருக்க வேண்டும். 1,250 போன காலத்தில் அதே சம்பளத்துக்கு 1,150. அங்கே முந்தைய காலத்தில் 239, பிந்தைய காலத்தில் 550 என்று இருந்தால் நிறுவனம் வரம்புக்கு மட்டுமே கட்டியிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் சம்பளத்தில் முழுசாகப் பிடித்திருந்தாலும் அப்போது வழக்கு நிற்பது கஷ்டம்.

1,859 போல இருந்தால் உங்கள் பக்கம் பலம். 26(6) என்பது வரம்புக்கு மேல் பி.எஃப். கட்டத் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கேட்டு வாங்கும் அனுமதி. அந்தக் காகிதத்தைத் தொழிலாளி பத்திரப்படுத்தவில்லை என்று தண்டிப்பது நியாயமே இல்லை. 2023 ஜூன் 14 சுற்றறிக்கையில் பி.எஃப். நிறுவனமே மாற்று ஆவணங்களை ஏற்கச் சொல்லியிருக்கிறது. உயர் சம்பளத்துக்கு நிறுவனப் பங்கு கட்டியிருக்க வேண்டும் என்பது அதற்கு முக்கிய நிபந்தனை. எனவே பழைய நிறுவனத்தில், ஆண்டுவாரியாக பி.எஃப். கட்டிய விவரம் உள்ள படிவம் 3ஏ நகல்களைக் கேளுங்கள். நம் பக்கத்தில் பல தோல் ஷாப்புகள் மூடியும் கைமாறியும் போய்விட்டன. அப்படியானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அந்தப் படிவங்களையும் நிராகரித்த கோப்பின் குறிப்புகளையும் வேலூர் பி.எஃப். அலுவலகத்திடமே கேட்கலாம்.

அப்புறம், இந்த நகல்களோடு இ.பி.எஃப்.ஐ.ஜி.எம்.எஸ். என்ற பி.எஃப். குறைதீர் இணையதளத்தில் புகார் பதியுங்கள். ‘அனுமதி இல்லை’ என்ற அதே காரணத்தை மேற்கோள் காட்டி, சுற்றறிக்கைத் தேதியையும் எழுதுங்கள். மாதந்தோறும் 27ஆம் தேதி நடக்கும் ‘நிதி ஆப்கே நிகட்’ குறைதீர் முகாமுக்கும் நேரில் போங்கள். எழுத்தில் பதில் வாங்காமல் திரும்பாதீர்கள். மறுபடியும் மறுத்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அங்கே கைகொடுப்பது இந்தக் காகிதங்கள்தான்.

ஒன்றை முன்பே யோசியுங்கள். ஏற்றுக்கொண்டால், வரம்புக்கு மேற்பட்ட சம்பளத்துக்கான 8.33 சதவீதத்தையும், 2014 செப்டம்பர் முதல் 15,000க்கு மேற்பட்ட பகுதிக்கு இன்னும் 1.16 சதவீதத்தையும் வட்டியோடு கட்டச் சொல்வார்கள். பி.எஃப். பணத்தை எடுத்துவிட்டதால் அது உங்கள் கையிலிருந்து போக வேண்டிய பணம். கணக்குத் தாள் வந்ததும், கூடும் பென்ஷனையும் 2018 முதல் வரவேண்டிய நிலுவையையும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எதிரெதிரே எழுதிப் பாருங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு போடலாம்.