மேம்பாலத்தடிப் பூங்காவும் பூக்காரம்மாவின் நான்கடியும்

வாசகர் கேள்வி–பதில்

செமஸ்டர் முடியும் நேரம். மும்பையில் ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகள்தான் இந்த முறை அதிகம். தெரு, திடல், பாலத்தடி, நிலைய வாசல் போன்ற பொது இடங்களை மறுபடி வடிவமைக்கும் புராஜெக்ட்கள் பற்றியவை மட்டும் இங்கே.

கேள்வி: மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்தைப் பொது இடமாக மாற்றுவதுதான் என் டிசைன். தோட்டம், நூலகம், சின்ன மேடை எல்லாம் வைத்திருக்கிறேன். ரெண்டர் (கணினியில் செய்த படம்) நன்றாக வந்திருக்கிறது. ஆனால் கைடு (புராஜெக்டை வழிநடத்தும் ஆசிரியர்), "செக்‌ஷன் காலியாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். செக்‌ஷனில் வேறு என்னதான் வரைவது? (நான்காம் ஆண்டு மாணவி, மாட்டுங்கா)

உங்கள் கைடு சொன்னது சரி. ரெண்டரில் எந்தப் பாலத்தடியும் அழகாகத்தான் இருக்கும், அதில் வெயிலை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். இல்லாத வெயில், இடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வரைபடமான செக்‌ஷனில் அகப்பட்டுவிடும்.

முதலில் வெளிச்சம். பாலத்தின் மேல்தள அகலம் 17 மீட்டர், அடியில் உயரம் 5.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கும்போது ஓரத்திலிருந்து 5.5 மீட்டர் தூரம்தான் வெயில் உள்ளே விழும். பாலம் வடக்கு–தெற்காக ஓடினால் காலையில் கிழக்கு ஓரம், மாலையில் மேற்கு ஓரம். நடுவில் 6 மீட்டர் அகலத்துக்கு அந்தக் கோணத்தில் வெயிலே கிடையாது. அந்த நடுப்பட்டையில் புல்தரை வரைந்திருந்தால் அழித்துவிடுங்கள். நடைபாதை, மேடை, உட்காரும் இடம் அங்கே போகட்டும், செடிகள் ஓரத்துக்கு வரட்டும். ஓரத்திலும் நிழல் தாங்குகிற மணி பிளான்ட், சின்கோனியம், பாம்புக் கற்றாழை போன்றவைதான் நிற்கும்.

அடுத்தது தண்ணீர். மும்பையில் நான்கு மாதம் மழை கொட்டினாலும் பாலத்தடி மண்ணுக்கு ஒரு சொட்டு கிடைக்காது. ஆனால் பால விளிம்பில் இறங்கும் குழாய்களில் அத்தனை தண்ணீரும் வருகிறது. அதைத் தொட்டியில் பிடிக்கலாம். முதல் பத்து நிமிடத் தண்ணீரில் எண்ணெய்ப்பசையும் டயர்த் தூளும் இருக்கும், அதைத் தனியாக வெளியேற்ற ஒரு வால்வு வேண்டும். மழை இல்லாத எட்டு மாதத்துக்குத் தொட்டி போதாது, ஆகையால் மாநகராட்சி இணைப்போ டேங்கரோ எங்கே வரும் என்பதையும் பிளானில் காட்டுங்கள். இன்னொன்று, எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (வெப்பத்தில் பாலம் விரிவதற்காக விடும் இடைவெளி) இருக்கும் இடங்களில் மேலிருந்து ஒழுகும். உங்கள் நூலக அலமாரி சரியாக அதன் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான டிசைன்களில் அங்கேதான் இருக்கும்!

மூன்றாவது, தூண்கள். அவற்றில் துளை போட்டு அலமாரி மாட்டுவதற்கோ பரண் தொங்கவிடுவதற்கோ எந்தப் பாலப் பொறியாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார். எல்லாம் தனிக் காலில் நிற்கட்டும், தூணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. தூண் தலைப்பில் பாலத்தைத் தாங்கி நிற்கும் பேரிங்குகளைப் பார்வையிட ஏணி வண்டி உள்ளே வரவேண்டும், அதனால் நீளவாக்கில் 3.5 முதல் 4 மீட்டர் அகலப் பட்டை ஒன்றில் நிலையான எதையும் வைக்காதீர்கள். அதையே நடைபாதையாக ஆக்கிவிட்டால் இரண்டு வேலையும் முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே ஆள் எப்படி வருவார்? இருபக்கமும் வாகனம் ஓடும் இடத்தில் நீங்கள் வரைந்திருப்பது ஒரு தீவு. சாலையைக் கடக்க, நடைபாதை மட்டத்துக்கே உயர்த்திய பாதை இல்லாவிட்டால் அது யாருக்கும் பயன்படாது. உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் சாலை மேம்பாலத்தடியில் இருக்கும் நானாலால் மேத்தா தோட்டத்தின் நடைபாதை நர்மதை ஆற்றின் போக்கில் வளைந்து போகும், சுமார் 600 மீட்டர். அங்கே போய் ஆற்றைப் பார்க்க வேண்டாம். எந்த வாசலில் யார் நுழைகிறார்கள், சிக்னல் விழ எத்தனை விநாடி காத்திருக்கிறார்கள், எந்தச் செடி காய்ந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பரேல் பக்கம் சேனாபதி பாபட் மார்க்கில் எம்.வி.ஆர்.டி.வி., ஸ்டுடியோபாட் என்ற வடிவமைப்பு நிறுவனங்கள் மேம்பாலத்தடியில் செய்த 'ஒன் கிரீன் மைல்' இன்னொன்று. இரண்டையும் ஒரே அளவில் செக்‌ஷன் வரைந்து உங்களுடையதைப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் காலி என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: கிங்ஸ் சர்க்கிள் பக்கம் மழைநீரை உறிஞ்சும் தோட்டம் ஒன்றை டிசைன் செய்தேன். "எத்தனை லிட்டர் பிடிக்கும்?" என்று ஜூரியில் (டிசைனை மதிப்பிடும் குழுவில்) கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. (மூன்றாம் ஆண்டு மாணவர், சயான்)

பத்து நிமிடக் கணக்குதான் இது. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் இடம் 1,000 சதுர மீட்டர், மழை மணிக்கு 50 மி.மீ. என்றால் 50,000 லிட்டர். கான்கிரீட்டும் கல்லும் பாவிய தரையில் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவரும் என்று கொண்டால் 45,000.

தோட்டம் 100 சதுர மீட்டர். தரையிலிருந்து 150 மி.மீ. பள்ளம் என்றால் மேலே 15,000 லிட்டர் நிற்கும். அடியில் 300 மி.மீ. ஜல்லிப் படுகை இருந்தால், அதில் 40 சதவீதம் இடைவெளி என்று வைத்து இன்னொரு 12,000. மொத்தம் 27,000. மிச்சம் 18,000 லிட்டர் எங்கே போகும்? அதைத்தான் ஜூரி கேட்டிருக்கிறது. படுகையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் வாய் திறந்த வழிகால் குழாய் ஒன்று, அது தெருவோர வடிகாலில் சேரவேண்டும்.

மும்பைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்குக் கட்டப்பட்டவை, மழைநீர் வடிகால்களைச் சீரமைக்கும் பிரிம்ஸ்டோவாட் திட்டம் அதை 50 ஆக்கப் பார்த்தது. கடலில் ஏற்றம் இருக்கும் நேரத்தில் வடிகாலில் போன தண்ணீர் கடலுக்குள் இறங்காது. கிங்ஸ் சர்க்கிள் தாழ்வான இடம் வேறு. ஜூலையில் மண் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கும், ஜல்லிப் படுகையும் பாதி நிறைந்திருக்கும். ஆகவே உங்கள் தோட்டம் வெள்ளத்தைத் தடுக்கும் என்று ஷீட்டில் எழுதாதீர்கள். ஒரு மணி நேரம் தாமதப்படுத்தும் என்று எழுதுங்கள், அது உண்மை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பெய்தது. உங்கள் 1,000 சதுர மீட்டரில் அது 9,44,000 லிட்டர். அதற்குத் தோட்டம் கிடையாது.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. தண்ணீர் நுழையும் கெர்ப் (சாலையோர விளிம்புக் கல்) இடைவெளியைப் பிளாஸ்டிக் பையும் வண்டலும் அடைத்துக்கொள்ளும், அதற்கு முன்னால் 600 மி.மீ. சதுரத்தில் வண்டல் குழி வையுங்கள், அள்ளுவதற்கு மூடி திறக்கும்படி. தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் தேங்கினால் கொசு பற்றி யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். செடி விஷயத்தில் சேம்பை நட்டுவிட்டு வருகிறார்கள். மழையில் செழிக்கும், ஏப்ரலில் காய்ந்துவிடும். வெட்டிவேர் இரண்டையும் தாங்கும்.

சைட்டுக்கு ஜனவரியில் போயிருந்தால் தண்ணீரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, கடை ஷட்டர்களில் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, வாசல்படியை யார் எத்தனை அங்குலம் உயர்த்தியிருக்கிறார்கள், கடைக்காரர் மூட்டைகளை எந்தப் பலகைக்கு மேல் அடுக்குகிறார் என்று அளந்து செக்‌ஷனில் நீலக் கோடு போடுங்கள்.

கேள்வி: மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து கோயில் வரைக்கும் தெருவை நடப்பவர்களுக்கான தெருவாக மாற்றுகிறேன். பூ, வாழையிலை விற்பவர்களுக்குப் பின்பக்கம் அழகான தனி மண்டபம் கொடுத்திருக்கிறேன். அவர்களிடம் காட்டியபோது யாருக்கும் பிடிக்கவில்லை. ஏன்? (ஐந்தாம் ஆண்டு மாணவி, வடாலா)

காட்டினீர்களே, அதுவே பெரிது. பலர் ஜூரிக்கு மட்டும்தான் காட்டுகிறார்கள்.

பூ வாங்குவதற்கென்று யாரும் ஒரு கட்டடத்தைத் தேடிப் போவதில்லை. ரயிலில் இறங்கி, கோயிலுக்குப் போகிற வழியில் கண்ணில் பட்டால் இரண்டு முழம் வாங்குவார்கள். அந்த ஓட்டத்திலிருந்து முப்பது அடி தள்ளி வைத்தால் வியாபாரம் போயிற்று, மண்டபம் பைக் நிறுத்தும் இடமாகிவிடும், விற்பவர்கள் மறுபடி தெருவுக்கே வந்துவிடுவார்கள். ஸ்கைவாக்குகள் (உயரத்தில் போகும் நடைபாலங்கள்) பலவும் ஆளில்லாமல் கிடப்பதற்கும் இதே காரணம்தான், கால் போகிற வழியை விட்டு விலகி ஏறச் சொல்கின்றன.

ஒரு பூக்காரம்மாவுக்கு உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும் என்று டேப் பிடித்து அளங்கள். சம்மணம் போட்ட உடம்பு, முன்னால் தட்டு, பக்கத்தில் கூடையும் வாளியும்: பெரும்பாலும் நான்கடிக்கு மூன்றடிக்குள் அடங்கிவிடும். வாங்குபவர் நிற்க முன்னால் இரண்டடி. அதற்கும் அப்பால், நடப்பவர்களுக்குத் தடையில்லாமல் 1.8 மீட்டர் இருக்கவேண்டும். இந்த மூன்று பட்டைகளையும் கூட்டினால் நடைபாதை சுமார் 3.3 மீட்டர் வேண்டும். அகலம் அவ்வளவு இல்லை என்றால் பார்க்கிங்கில் கை வையுங்கள், பூக்காரம்மாவிடம் கை வைக்காதீர்கள்.

மீதியெல்லாம் சின்ன விஷயங்கள், ஆனால் டிசைன் நிற்பதும் விழுவதும் அங்கேதான். பூவில் தெளிக்க இருபது அடிக்குள் ஒரு குழாய். மேற்கு வெயிலுக்கு மறைப்பு. வாடியதையும் நாரையும் போட ஒரு தொட்டி, தினமும் அள்ளும் வண்டி நிற்க ஒரு இடம். இரவில் தட்டையும் பலகையையும் பூட்டி வைக்க ஒரு பெட்டி, அதையே பகலில் மற்றவர்கள் உட்காரும் திண்ணையாக்கலாம். வெள்ளிக்கிழமையும் மார்கழி மாதமும் கூட்டம் எவ்வளவு பெருகுகிறது என்று பார்க்காமல் எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள்.

சட்டத்தையும் படித்துவிடுங்கள். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர வியாபாரக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்கவேண்டும், இடத்தை முடிவு செய்வதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. இதை ஒரு ஷீட்டில் சொன்னால் உங்கள் டிசைனுக்குக் கால் முளைக்கும்.

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே படிக்கிறேன். தாராவி 90 அடி சாலைதான் என் தீசிஸ் சைட். இந்தி, மராத்தி இரண்டுமே அரைகுறை. சர்வே எப்படி எடுப்பது? (ஹாஸ்டல் மாணவர்)

நம் ஊர்ப் பக்கத்திலிருந்து அங்கே வந்து குடியேறியவர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள், "எந்த ஊரு?" என்ற ஒரு கேள்வியிலேயே பாதி சர்வே முடிந்துவிடும். அதனாலேயே ஓர் ஆபத்து: தமிழ் பேசுபவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு 'மக்கள் சொன்னார்கள்' என்று எழுதாதீர்கள். கும்பார்வாடாவில் குஜராத்தி பேசும் குயவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சூளைப் புகையும் மண் இறக்கும் இடமும் வேறு கணக்கு.

பேச்சே இல்லாமல் கிடைக்கும் தகவல்தான் அதிகம். ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு. காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 1, மாலை 5 முதல் 8. ஒவ்வொரு மணியிலும் 15 நிமிடம் ஒரு கோட்டைக் கடப்பவர்களை எண்ணி நான்கால் பெருக்குங்கள். பிறகு 1:200 பிளானை அட்டையில் கிளிப் செய்துகொண்டு அரை மணிக்கொரு முறை நடந்து, நிற்பவர், உட்கார்ந்தவர், விற்பவர், விளையாடுபவர், தூங்குபவர் என்று தனித்தனிக் குறி போடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேறு நிறம். இரவு எட்டு மணிக்குப் பெண்களின் நிறம் எந்த மூலையில் காணாமல் போகிறது என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். விளக்கு எங்கே வேண்டும் என்று அப்புறம் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள் எட்டிப் படம் எடுக்க வேண்டாம். கோட்டோவியம் போதும்.

கேள்வி: மேடைக்கு 450 மி.மீ. உயரம், அதற்கு 3 மீட்டர் சாய்தளம். தப்பா? (டோம்பிவலி)

தப்பு. 1:12 கணக்கில் (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) 5.4 மீட்டர் வேண்டும், மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம் சேர்த்தால் 8.4. இடம் இல்லை என்றால் மேடையை 150 மி.மீ. ஆக்குங்கள், 1.8 மீட்டர் சாய்தளம் போதும். 450 உட்காருவதற்கான உயரம். திண்ணையாக வைத்தால் அது நல்ல உயரம்தான்.

கேள்வி: என் மகள் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். ஒவ்வொரு மாடலும் ஆயிரக்கணக்கில் செலவு, லோக்கல் டிரெயினில் கொண்டுபோகும்போது உடைந்தும் போகிறது. வழி உண்டா சார்? (ஒரு தகப்பனார், செம்பூர்)

உண்டு ஐயா. முதலில் அளவு. 600 மீட்டர் நீளச் சைட்டை 1:500-இல் செய்தால் 120 செ.மீ. வரும், அதை 60 செ.மீ. துண்டுகள் இரண்டாகச் செய்யச் சொல்லுங்கள். ஆனால் அந்த அளவில் 5.5 மீட்டர் உயரப் பாலத்தடி வெறும் 11 மி.மீ., விரல்கூட நுழையாது. உள்ளே நடப்பதைக் காட்ட, 30 மீட்டர் துண்டை மட்டும் 1:50-இல், மேல்தளம் கழற்றும்படி. முழு சைட்டையும் பெரிதாகச் செய்வதில்தான் பணம் போகிறது.

மவுண்ட் போர்டு வளைவதற்குக் காரணம் ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகால் பூசுவது. அட்டை ஈரத்தை இழுத்து அந்தப் பக்கம் விரிகிறது, மழைக்காலத்தில் இன்னும் மோசம். மெல்லிய பூச்சு, மேலே கனமான புத்தகங்கள், ஓர் இரவு. தெர்மோகோலில் ஸ்பிரே பெயின்ட் பட்டால் கரைந்து குழி விழும், அதன்மேல் தண்ணீர் கலந்த பெயின்ட்தான். அட்டையை ஒரே இழுப்பில் வெட்டாமல் இரும்பு ஸ்கேல் வைத்து மூன்று முறை மெல்ல இழுக்கட்டும், மங்கிய பிளேடு நுனியை அவ்வப்போது உடைத்துவிடட்டும். வெட்டு பிசிறடிப்பதும் விரல் வெட்டுப்படுவதும் மங்கிய பிளேடால்தான்.

மரங்களும் விளக்குக் கம்பங்களும்தான் பயணத்தில் உடைபவை. அவற்றை ஒட்டாமல், அடித்தளத்தில் ஊசித் துளை மட்டும் போட்டுத் தனி டப்பாவில் கொண்டுபோய் ஜூரிக்கு அரை மணி முன்னால் செருகலாம். காலை எட்டரை மணி லோக்கலில் ஏறச் சொல்லாதீர்கள், ஏழு மணிக்கே அனுப்பிவிடுங்கள்.