யாழ்ப்பாணத்தில் வானவில் ஏன் நடுப்பகலில் தெரிவதில்லை?

மழை இருந்தும் மதியம் வானவில் வராததற்குக் காரணம் சூரியனின் உயரம்தான்.

வெள்ளொளி மழைத்துளிக்குள் நுழையும்போது முறிவடைந்து நிறங்களாகப் பிரிகிறது. துளியின் பின்சுவரில் தெறித்து, வெளியே வரும்போது மீண்டும் முறிகிறது. இப்படித் திரும்பும் ஒளியில் சிவப்பு ஏறக்குறைய 42 பாகையிலும் ஊதா 40 பாகையிலும்தான் செறிவாக வரும். எங்கிருந்து அளப்பது? உங்கள் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து. அந்தக் கோணத்தில் இருக்கும் துளிகள் எல்லாம் சேர்ந்து வட்டமாகின்றன. கீழ்ப்பகுதியைத் தரை வெட்டிவிடுவதால் வில்லாகத் தெரிகிறது.

சரி, சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறினால்? முழு வில்லும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். மார்கழியில்கூட யாழ்ப்பாணத்தில் உச்சிச் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும், பிறகு எப்படித் தெரியும்? அதனால் காலையில் மேற்கே, பின்னேரத்தில் கிழக்கே பாருங்கள். கார்த்திகை மழைக்காலத்தில், பின்னேரம் ஐந்து மணி போலப் பண்ணைப் பாலத்தில் நின்று, மண்டைதீவுப் பக்கம் வெயிலும் நகரப் பக்கம் மழையுமாக இருந்தால், கோட்டைக்கு மேலே நல்ல உயரமான வில் கிடைக்கும். பக்கத்தில் நிற்பவர் பார்ப்பது வேறு துளிகளின் ஒளியை. கறாராகச் சொன்னால் அது அவருடைய வில்.

சிலவேளை வெளியே மங்கலாக இன்னொரு வில்லும் தெரியும். துளிக்குள் இருமுறை தெறித்த ஒளி அது. அதில் சிவப்பு உட்பக்கம் இருக்கும்.