கொட்டகைக் கூரையும் சிறு தொட்டியும்: மழைநீர் குறித்த வாசகர் கேள்விகள்

தோட்டக் கொட்டகையின் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துச் செடிகளுக்குப் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் கொட்டகை 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்டது. இவ்வளவு சிறிய கூரையிலிருந்து 200 லிட்டர் டிரம் நிரம்புமா?

பதில்: தாராளமாக நிரம்பும். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். சரிவின் நீளத்தை அளக்க வேண்டியதில்லை. கூரை தரையில் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ அதுவே கணக்கு. உங்கள் 6 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 60 லிட்டர் விழும். கூரை நனைவதிலும் விளிம்பில் தெறிப்பதிலும் வீணாவதைக் கழித்தால் ஏறக்குறைய 50 லிட்டர் டிரம்மை வந்தடையும். அப்படியானால் 40 மில்லிமீட்டர் கொட்டும் ஒரே மழையில் டிரம் நிறைந்துவிடும்.

நிரம்பிய டிரம் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். நாளொன்றுக்கு 10 லிட்டர் பூவாளியால் இரண்டு முறை ஊற்றினாலே பத்து நாளில் அது காலியாகிவிடும். ஆகவே சிறு தொட்டி என்பது கோடைக்கான சேமிப்பு அன்று. இரண்டு மழைகளுக்கு இடைப்பட்ட நாள்களைக் கடக்க உதவுவது. மழைக்காலத்தில் அதை நிறைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பதைவிட, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்தி அடுத்த மழைக்கு இடம் விடுவதுதான் பலன் தரும்.

கேள்வி: அடைமழையில் டிரம் வழிந்து, கொட்டகையின் அடிமரம் ஊறிப்போகிறது. என்ன செய்வது?

பதில்: எனக்கு வரும் கேள்விகளிலேயே மிக முக்கியமானதாக நான் கருதுவது இதுதான், ஏனென்றால் நீர் உள்ளே வரும் வழியைப் பற்றி யோசிக்கும் பலரும் அது வெளியேறும் வழியை மறந்துவிடுகிறார்கள். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை அடிக்கும்போது 6 சதுர மீட்டர் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 10 லிட்டர் இறங்குகிறது; டிரம் நிறைந்த பிறகு, ஒவ்வொரு நிமிடமும் ஒரு பூவாளி நீரைக் கொட்டகையின் காலடியிலேயே ஊற்றுவதற்கு அது சமம். டிரம்மின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, நீர் வரும் குழாய்க்குக் குறையாத விட்டமுள்ள வழிகுழாய் ஒன்றைப் பொருத்துங்கள். அதன் மறுமுனையைக் கொட்டகையை விட்டுச் சில மீட்டர் தள்ளி, சரிவான பக்கமாக, சரளைக்கல் நிரப்பிய பள்ளத்துக்கோ நீர் விரும்பும் செடிகள் உள்ள பாத்திக்கோ கொண்டு செல்லுங்கள். பக்கத்து மனையின் சுவரோரம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: சேமித்த நீரில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. மருந்து ஏதும் போடலாமா?

பதில்: மருந்து வேண்டாம். கூரையிலிருந்து வந்த இலைத்துணுக்குகளும் புழுதியும் அடியில் சேறாகப் படிந்து, அங்கே உயிர்வளி தீர்ந்தபின் பெருகும் நுண்ணுயிர்கள் வெளியிடும் வாயுதான் இந்த நாற்றத்துக்குக் காரணம். சேற்றைக் கழுவி வெளியேற்றுங்கள். பிறகு அது மீண்டும் சேராமல், முதல் மழைநீரைத் தனியே ஒதுக்குங்கள்.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. டிரம்முக்குப் போகும் வழியில் ஆங்கில T வடிவிலான மூவழிக் குழாய் இணைப்பு ஒன்றை வைத்து, அதிலிருந்து 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் ஒன்றைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதன் அடியைத் திருகுமூடியால் அடைத்துவிடுங்கள். ஒரு மீட்டர் குழாயில் 8 லிட்டருக்குச் சற்று அதிகமாகவே நீர் பிடிக்கும். உங்கள் கூரை 6 சதுர மீட்டர் என்றால், முதல் 1 மில்லிமீட்டர் மழையை ஒதுக்க முக்கால் மீட்டர் குழாய் போதும். அது நிறைந்த பிறகே தெளிந்த நீர் டிரம்முக்குப் போகும். நீண்ட வறட்சிக்குப் பிறகு பெய்யும் மழை நின்றதும் அந்த மூடியைத் திருகிப் பாருங்கள்: பழுப்பு நீரும், அதன் பின்னால் மக்கிய இலைக் கூழும், பறவை எச்சமும், கூரையிலிருந்து உதிர்ந்த துருவும் வரும். இவையெல்லாம் இதுவரை உங்கள் டிரம்முக்குள் போய்க்கொண்டிருந்தவை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இதைக் காலி செய்யத் தவறினால் ஏற்பாடே பயனற்றுப்போகும்.

கேள்வி: டிரம்மைச் செங்கல் அடுக்கின் மேல் வைக்கலாமா? உயரத்தில் வைத்தால் சொட்டுநீர்க் குழாய்க்கு அழுத்தம் கிடைக்குமா?

பதில்: நிறைந்த டிரம்மின் எடை 200 கிலோவைத் தாண்டும் என்பதால், கலவை பூசாத செங்கல் அடுக்கை நம்ப வேண்டாம். மண்ணை இடித்து இறுக்கி, கல்பலகை பதித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே பீடத்தை எழுப்புங்கள். காலி டிரம்மைக் காற்று உருட்டிவிடும். ஆகவே பட்டையால் கட்டி வையுங்கள். குழாய்க்கடியில் பூவாளி நுழையும் உயரம் போதும். ஒரு மீட்டர் உயர்த்தினாலும் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார் மட்டுமே. வழக்கமான சொட்டுவான்களுக்கு ஏறக்குறைய 1 பார் தேவைப்படுகிறது.

கேள்வி: கொசு வராமல் இருக்க மூடி மட்டும் போதுமா?

பதில்: போதாது. நீர் வரும் வாயிலும் வழிகுழாயின் முனையிலும் 1 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள வலையைக் கட்டுங்கள். வெப்பமான நாள்களில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்களே போதும். ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது செடிகளுக்குக் கேடு.

கேள்வி: இந்த நீரைக் குடிக்கலாமா? காய்கறிகளுக்கு ஊற்றலாமா?

பதில்: குடிக்கவோ சமைக்கவோ கூடாது. காய்கறிகளுக்கு ஊற்றலாம், ஆனால் பச்சையாக உண்ணும் கீரைகளின் இலைமேல் தெளிக்காமல் வேரடி மண்ணில் ஊற்றுங்கள். கூரையில் ஈயத்தகடோ, நொறுங்கத் தொடங்கிய பழைய கல்நார் ஓடோ இருந்தால், அந்த நீரை உணவுப் பயிர்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்.